ரெண்டு புள்ளி நாலில் நின்ற முள்

மாணவன் நீட்டும் வரைபடத் தாளை வாங்கியதும் பேராசிரியர் முதலில் முகர்ந்து பார்ப்பார். ஆய்வகத்தில், பம்புக்குப் பக்கத்தில் நின்று போட்ட வரைபடத்துக்கு ஒரு நீர்வாடை இருக்க வேண்டும் என்பது அவர் சித்தாந்தம். விடுதியில் படுத்துக்கொண்டு போட்டது தலையணை வாசம் அடிக்குமாம். வாடை தேறிவிட்டால், மேசை இழுப்பறையிலிருந்து ஓர் அட்டைக் குழாயை எடுத்து, அதற்குள் சுருட்டி வைத்திருக்கும் கண்ணாடித் தாளை உருவுவார். அதில் கறுப்பு மையில் ஒரே ஒரு வளைகோடு. இடப்பக்கம் உயரத்தில் தொடங்கி, கொஞ்ச தூரம் யோசித்து, பிறகு மனசு விட்டுப்போன மாதிரி வலப்பக்கம் இறங்கும். அதை மாணவனின் தாள்மேல் பரப்பிச் சன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடிப்பார். இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கொண்டால் "வரட்டும், வரட்டும்" என்பார். மயிரிழை விலகினாலும் போச்சு. "இது என்னப்பா, மலை ரோடா? பாக்கவே எனக்குத் தலை சுத்துது."

தாளின்மேல் குழாய்த் தண்ணீரை விரலால் சுண்டித் தெளித்து, மின்விசிறிக்கு அடியில் காயவைத்து, பிறகு கொண்டுவந்து நீட்டும் பழக்கம் மாணவர்களிடையே பல ஆண்டுகளாக இருந்துவருவது அவர் மூக்குக்குத் தெரியாது.

அவர் பல்கலைக்கழகப் பேராசிரியர். இருபத்து நான்கு வருடமாகப் பம்புப் பாடம் நடத்துகிறார். தண்ணீரை மேலே தூக்குகிற இயந்திரம் எவ்வளவு தண்ணீரை எவ்வளவு அழுத்தத்தில் தூக்குகிறது என்று அளந்து, அதைக் கோடாகப் போடுவதுதான் அந்தப் பாடத்தின் உயிர்நிலை. மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'வளைகோடு'. ஆளோ அடிக்கோல் மாதிரி இருப்பார். நடப்பது நேர்கோட்டில், வாரிய தலைமுடி நேர்கோட்டில், சட்டைப்பையில் நான்கு பேனா நேர்கோட்டில். வயது ஐம்பத்து மூன்று. மரியாதை கருதி நாம் அவரை வளைகோட்டார் என்போம்.

தன்மேல் சந்தேகம் என்ற வியாதி அவரைத் தொட்டதே இல்லை. வகுப்புக்குள் நுழையும்போதே விடை அவரோடு நுழையும். ஐம்பதுக்கு ஐம்பது அவர் பேனாவில் கிடையாது. யாராவது கேட்டால், "அம்பது தண்ணிக்கு. மனுஷனுக்கு நாப்பத்தொம்பது வரைக்கும்தான்" என்பார். அந்த நாற்பத்தொன்பதும் இருபத்து நான்கு வருடத்தில் ஒரே ஒருவருக்குத்தான் போயிருக்கிறது.

இப்படிச் சௌக்கியமாக ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில் துறைத் தலைவரின் சுற்றறிக்கை வந்து விழுந்தது. துறைத் தலைவர் இவரைவிட ஏழு வயது இளையவர். சுற்றறிக்கை எழுதுவதை ஒரு கலையாகவே வளர்த்து வைத்திருப்பவர். படமில்லாமல் எழுதமாட்டார். இந்த முறை இரண்டு கைகள் குலுக்கிக்கொண்டிருந்தன. மேலே ஒரு பல்பு எரிந்தது. பல்பிலிருந்து ஐந்து அம்புகள் கிளம்பி, நான்கு போய்ச் சேர்ந்தன, ஒன்று தாளின் ஓரத்தில் தொலைந்துபோனது. விஷயம் இதுதான். ஒவ்வொரு பாடத்தின் ஆசிரியரும், அந்தப் பாடத்தைப் படித்துவிட்டு வெளியே போய்க் குறைந்தது ஐந்து வருடம் அதே வேலையைப் பார்த்த ஒரு பழைய மாணவரோடு உட்கார்ந்து, ஒரு பருவம் முழுக்கப் பேசி, கற்பிக்கிற முறையைச் செப்பனிட வேண்டும். பருவ முடிவில் ஒரு குழு வந்து பார்க்கும்.

சுற்றறிக்கையில் இல்லாத ஒரு விஷயத்தைச் சொல்ல, துறைத் தலைவர் நேரிலேயே வந்தார். பேசிக்கொண்டே பம்பு ஆய்வகத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நடந்தார். உதடு அசைந்தது. அடியெண்ணுகிறார் என்று வளைகோட்டாருக்குப் புரியச் சிறிது நேரமாயிற்று.

"உங்க ரூம் நல்ல விசாலம் சார். முப்பது கம்ப்யூட்டர் தாராளமா உக்காரும்."

"அப்ப பம்பு எங்க உக்காரும்?"

"பம்பு ஸ்கிரீன்ல ஓடும் சார். பட்டனைத் தட்டினா கர்வ் வந்துரும். பசங்க நனையவே வேணாம்."

நனையவே வேண்டாம்! வீட்டுக்குப் போய் மனைவியிடம் இந்த இரண்டு வார்த்தையை நான்கு முறை சொன்னார், ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் அழுத்தம் கொடுத்து. மனைவி ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். "இப்ப என்ன, குழு வந்து பாத்துட்டு நல்லாயிருக்குன்னு சொன்னா ரூம் உங்களுக்கு. சொல்லலன்னா ஸ்கிரீனுக்கு. அவ்வளவுதானே?" என்று நோயாளியின் சீட்டைப் படிப்பதுபோல் சுருக்கிக் கொடுத்தார். அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவில்தான் வளைகோட்டாரின் இருபத்து நான்கு வருடமும் இருந்தது.

கூட்டாளியைத் தேர்ந்தெடுப்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. பழைய மதிப்பெண் பதிவேட்டைத் திறந்தார். விரல் நேராக நாற்பத்தொன்பதில் போய் நின்றது. பதினோரு வருடத்துக்கு முன்னால் படித்த பெண். இப்போது ஊருக்குத் தண்ணீர் அனுப்பும் இறைப்பு நிலையத்தில் பராமரிப்புப் பொறியாளர். போன் போட்டார். "நீங்களா சார்? என்னையா சார்?" என்று அந்தப் பக்கம் இரண்டு கேள்வி வந்தது. குரலில் இருந்த கலவரத்தை அவர் பணிவு என்று எடுத்துக்கொண்டார்.

பொறியாளர் வியாழக்கிழமைதோறும் வேலை முடிந்து நேராக வருவார். ரப்பர் பூட்ஸ், இடுப்பில் ஒரு டார்ச், பின்னலில் நட்டும் வாஷரும் தவிர மற்றதெல்லாம் ஒட்டியிருக்கும். அவர் வந்துபோன தடம் தாழ்வாரத்தில் ஈரமாகக் கிடக்கும். வளைகோட்டாருக்கு ஒரே சங்கடம், அழைப்பது எப்படி என்பதுதான். அன்றைக்கு 'நீ'. இன்றைக்கு முப்பது பேரை வேலை வாங்குகிற பொறியாளரை 'நீ' என்பதா? தன் மாணவியை 'நீங்க' என்பதா? இரண்டுக்கும் நடுவில் ஒரு பாதையைக் கண்டுபிடித்தார். "வந்தாச்சா? உக்காரலாமே. காப்பி குடிக்கலாமா?" என்று ஆளே இல்லாமல் பேசத் தொடங்கினார்.

முதல் இரண்டு வியாழன் கூட்டாகச் செப்பனிடும் பணி இப்படி நடந்தது: வளைகோட்டார் பேசினார், பொறியாளர் தலையாட்டினார். பாடத்தில் ஒரு காற்புள்ளிகூட நகரவில்லை. இந்த ஒத்துழைப்பு வளைகோட்டாருக்கு மிகவும் பிடித்திருந்தது. சுற்றறிக்கையைக் கொஞ்சம் தவறாக எடைபோட்டுவிட்டோமோ என்றுகூட நினைத்தார்.

மூன்றாவது வியாழன், "பழைய ஞாபகத்துக்கு ஒரு தடவை ஓட்டிப் பாக்கலாமே" என்று பொறியாளரை ஆய்வகத்துக்கு அழைத்துப்போய், நீலப் பெயின்ட் அடித்த பம்பைத் தன் கையால் ஓடவிட்டார். பம்பு உறுமியது. தொட்டியில் தண்ணீர் கொட்டியது. அழுத்தத்தைக் காட்டும் கேஜை நோக்கி, கல்யாண வீட்டு வாசலில் வரவேற்கிற மாதிரி கையை நீட்டினார்.

பொறியாளர் எட்டிப் பார்த்தார். "சார், இது இன்னும் ரெண்டு புள்ளி நாலுலயேதான் நிக்குதா?"

"இன்னுமான்னா?"

"எங்க காலத்துலயே நின்னுடுச்சே சார்."

வளைகோட்டார் வால்வைத் திறந்தார். தண்ணீர் கூடியது. முள் ரெண்டு புள்ளி நாலு. மூடினார். ரெண்டு புள்ளி நாலு. பம்பையே நிறுத்தினார். சத்தம் அடங்கி, கடைசிச் சொட்டும் விழுந்த பிறகும், முள் மட்டும் ரெண்டு புள்ளி நாலில் நிமிர்ந்து நின்றது, சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்யாத ஆளின் கம்பீரத்தோடு.

"அப்ப இத்தனை கிராஃப்?" என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

பொறியாளர் டார்ச்சை இடுப்பிலிருந்து கழற்றி மேசைமேல் வைத்தார். நீண்ட வாக்குமூலத்துக்குத் தயாராகிற பாவனை. "தாய் ரெக்கார்டுன்னு ஒண்ணு இருக்கு சார். சீனியர்கிட்டேர்ந்து ஜூனியருக்கு வரும். அதுல இருக்கிற ரீடிங்கை அங்க ஒரு புள்ளி கூட்டி, இங்க ஒரு புள்ளி குறைச்சு எழுதுவோம். அப்படியே எழுதினா மாட்டிக்குவோம்ல?"

"நீங்... அந்த நாப்பத்தொம்பது?"

"நான் கொஞ்சம் கூடுதலா பிழை கலந்தேன் சார். பாக்க நிஜமா இருக்கட்டுமேன்னு. நீங்ககூட கீழே 'நேர்மையான அளவீடு'ன்னு எழுதியிருந்தீங்க. அம்மா அதை பிரேம் போட்டு வெச்சிருக்காங்க."

"அந்தத் தாய் ரெக்கார்டு யாரு போட்டது?"

பொறியாளர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். "நீங்க வேலைக்குச் சேர்ந்த முத வருஷம் செஞ்சு காட்டினப்ப போர்டுல எழுதின ரீடிங்தான் சார்."

ஆக, வளைகோட்டார் பதினோரு வருடமாகத் தன் விடைத்தாளைத் தானே திருத்தி, தனக்குத் தானே மதிப்பெண் போட்டு, ஒரு மதிப்பெண்ணைத் தண்ணீருக்காகப் பிடித்தும் வைத்திருந்தார்.

ஆய்வக உதவியாளரைக் கூப்பிட்டார். இடுப்பில் பதினெட்டுச் சாவிகளோடு நடமாடும் அவருக்கு 'சாவிக்காரர்' என்று பெயர். ஓய்வு பெற இரண்டு வருடம் பாக்கி.

"இந்த முள் எப்ப நின்னுச்சு?"

"நீங்க புது ஸ்கூட்டர் வாங்கின வருஷம் சார்."

"ஏன்யா சொல்லல?"

"எல்லாருக்கும் மார்க் நல்லாத்தானே சார் வந்துச்சு? சரி, அது சும்மா அலங்காரத்துக்கு இருக்கிறது போலன்னு விட்டுட்டேன்."

வீட்டில் மனைவி சிரிக்கவில்லை. அதுதான் அவரை மிகவும் பாதித்தது. "பதினோரு வருஷம் ஒரே நம்பர் காட்டுற பி.பி. மிஷினை நம்பி நான் மாத்திரை குடுத்திருந்தா, இன்னிக்கு எனக்கு நீங்க ஜெயிலுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருப்பீங்க" என்றார்.

"நான் யாரையும் கொல்லலையே!"

"உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்க முள்ளுதான் நகரலையே."

இரண்டு நாள் காய்ச்சல் என்று விடுப்பு எடுத்தார். உடம்பு சில்லென்றுதான் இருந்தது. மூன்றாம் நாள் எழுந்தபோது பழைய உறுதி திரும்பியிருந்தது. வளைகோட்டாரின் உறுதி அப்படிப்பட்டது. கீழே விழுந்தாலும் விழுந்த இடத்தைச் சரியான இடம் என்று சொல்லிக்கொண்டே எழுந்திருக்கும். கடைக்குப் போய்ப் புதுக் கேஜ் வாங்கிவந்தார். குழு வருகிற நாளுக்காக ஒரு திட்டம் எழுதினார். யார் வால்வைத் திருப்புவது, யார் அளவு சொல்வது, எந்த அளவைச் சொல்வது என்று ஏழு பக்கம். கடைசிப் பக்கத்தில் வளைகோடு ஏற்கெனவே போடப்பட்டிருந்தது.

அடுத்த வியாழன் பொறியாளர் ஏழு பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார். திருப்பி மேசைமேல் வைத்தார். "அப்ப இதுல எனக்கு வேலை இல்ல சார். நாடகத்துக்கு ஆள் வேணும்னா எங்க ஆபீஸ் வாட்ச்மேன் நல்லா நடிப்பாரு."

"என்ன பேசறே நீ? அஞ்சு வாரத்துல ரூம் போயிடும்! முப்பது கம்ப்யூட்டர் வந்து உக்காந்துரும்! உனக்கு என்ன, நீ பூட்ஸை மாட்டிக்கிட்டுப் போயிடுவே!"

கத்தி முடித்த பிறகுதான் 'நீ' வந்துவிட்டதைக் கவனித்தார். பொறியாளர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. "இப்பதான் சார் நல்லா இருக்கு. இத்தனை வாரமா 'வந்தாச்சா, உக்காரலாமே'ன்னு எனக்குப் பின்னாடி யாரோ நிக்கிற மாதிரியே பேசிட்டு இருந்தீங்க. நானும் ரெண்டு தடவை திரும்பிப் பாத்தேன்."

பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சார், எங்ககிட்ட புதுசா வேலைக்கு வர்ற பசங்க மொத நாள் என்ன கேப்பாங்க தெரியுமா? 'மேடம், நார்மலா என்ன ரீடிங் வரும்?' அவ்வளவுதான். அதைக் கேட்டுட்டு அதையே தினம் லாக் புக்ல எழுதிடுவாங்க. போன வருஷம் ஒரு பம்பு இருபது நாளா செத்துக்கிட்டு இருந்துச்சு. லாக் புக்ல அது ஓட்டப்பந்தயத்துக்குப் போற மாதிரி இருந்துச்சு. மேட்டுப்பக்கம் நாலு தெருவுக்குத் தண்ணி போகல. லாக் புக்ல கையெழுத்துப் போட்டது நாலு பேரு. நாலு பேரும் நம்ம லேப்ல நாப்பதுக்கு மேல."

வளைகோட்டார் சட்டைப்பையிலிருந்த நான்கு பேனாக்களையும் சரிசெய்தார். அவை சரியாகத்தான் இருந்தன.

"ஒரு பையன்," என்றார். "உங்க செட்டுதான். எல்லா வரியிலயும் ரெண்டு புள்ளி நாலு, ரெண்டு புள்ளி நாலுன்னே எழுதியிருந்தான். சைபர் போட்டேன். 'தூங்கினாயா?'ன்னு கீழே எழுதினேன். அவன் என்ன ஆனான்?"

"எங்க ஸ்டேஷன்ல ஷிஃப்ட் பொறுப்பாளர் சார். நான்தான் எடுத்தேன். இன்டர்வியூல ஒருத்தனை அதுக்கு மேல என்ன கேக்கிறது?"

அந்த ஏழு பக்கத் திட்டம் அன்றைக்கே குப்பைக்குப் போனது என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். போகவில்லை. வளைகோட்டார் அதைப் பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் திங்கட்கிழமை இறைப்பு நிலையத்துக்குப் போனார். பொறியாளர் கூப்பிட்டிருந்தார். அங்கே பழைய பம்புகளிலிருந்து கழற்றிப்போட்ட சக்கரங்கள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளுகிற சக்கரம். கரும்பலகையில் ஆயிரம் முறை வரைந்திருக்கிறார். கையில் எடுத்துப் பார்த்தால், ஒன்று விளிம்பெல்லாம் எலி கடித்த பிஸ்கட் மாதிரி இருந்தது. ஒன்றில் ஓர் இதழே உடைந்து போயிருந்தது. ஒன்று பார்வைக்குப் புதிதுபோல் இருந்தது, அதை ஏன் கழற்றினார்கள் என்று யாருக்கும் நினைவில்லை.

"இதைப் போட்டா கோடு எப்படி வரும்?" என்று எலி கடித்ததைத் தூக்கிக் காட்டினார்.

"தெரியாது சார்."

"இது?"

"அதுவும் தெரியாது. போட்டுத்தான் பாக்கணும்."

வளைகோட்டார் மூன்று சக்கரங்களையும் ஸ்கூட்டரின் முன்பக்கம் அடுக்கிக்கொண்டு கிளம்பினார். ஏழு பக்கத் திட்டம் அவற்றுக்கு இடையில் சத்தம் வராமலிருக்க மடித்துச் செருகப்பட்டது. அதன் உபயோகம் அத்துடன் நிறைவு பெற்றது.

இப்போது பாடம் நடக்கிற விதமே வேறு. வாரத்துக்கு ஒருமுறை பொறியாளர் ஒரு சக்கரத்தைச் சாக்கில் சுற்றிச் சாவிக்காரரிடம் கொடுப்பார். சாவிக்காரர் கதவைச் சாத்திக்கொண்டு அதைப் பம்புக்குள் பொருத்துவார். உள்ளே எது இருக்கிறது என்று மாணவர்களுக்கும் தெரியாது, வளைகோட்டாருக்கும் தெரியாது. அளந்து, கோடு போட்டு, உள்ளே இருப்பது எந்தச் சக்கரம், அதற்கு என்ன கேடு என்று சொல்ல வேண்டும். பிறகு பம்பைக் கழற்றிப் பார்ப்பார்கள். தப்பாகச் சொன்னவர், அளவு உண்மையாக இருந்தால், மதிப்பெண் வாங்குவார். சரியாகச் சொன்னவர், அளவில் கைவைத்திருந்தால், வாங்கமாட்டார். சாவிக்காரருக்கு இதில் வந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. வளைகோட்டார் தாழ்வாரத்தில் மடக்கி, "எலி கடிச்சதா, உடைஞ்சதா? எனக்கு மட்டும் சொல்லு" என்று ஒருமுறை கேட்டபோது, "மேடம் உங்ககிட்டதான் முக்கியமா சொல்லக்கூடாதுன்னாங்க சார்" என்று பதினெட்டுச் சாவியும் குலுங்கச் சிரித்தார்.

முதல் வகுப்பில் மாணவர்களுக்குக் கிலி பிடித்தது.

"சார், ஆன்சர் என்ன சார்?"

"தெரியாது."

"சார், சும்மா சொல்லாதீங்க சார்."

"தெரியாதுன்னு சொல்றேன்ல? இருபத்து நாலு வருஷ சர்வீஸ்ல மொத தடவையா தெரியல. போய் அளந்துட்டு வா, எனக்கும் சொல்லு."

'தெரியாது' என்பதையும் அவர் பழைய உறுதியோடேதான் சொன்னார். அவ்வளவு திட்டவட்டமாகத் தெரியாத ஒருவரை மாணவர்கள் அதுவரை பார்த்ததில்லை. பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து, "சார், சீனியர்கிட்ட கேட்டோம். அவங்களுக்கும் தெரியலையாம்" என்று அழாத குறையாக முறையிட்டான். பொறியாளர் சன்னலோரம் நின்று வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டார். தாய் ரெக்கார்டுக்கு அன்றைக்குத்தான் காரியம் முடிந்தது.

குழு வருவதற்கு ஒரு வாரம் முன்பு பாடக் கோப்பைத் துறைத் தலைவரிடம் கொடுக்க வேண்டும். முதல் பக்கத்தின் முதல் வரியை வளைகோட்டாரே எழுதினார்: 'இந்த ஆய்வகத்தின் அழுத்தமானி பதினோரு ஆண்டுகள் வேலை செய்யவில்லை. அது எனக்குத் தெரியவில்லை.' துறைத் தலைவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி படித்தார்.

"இது எதுக்கு சார்? அடிச்சிரலாமே. கமிட்டியில வெளியாள் ஒருத்தர் வர்றாரு. பெரிய கம்பெனி. இதைப் படிச்சா ரூமை நானே காப்பாத்த முடியாது."

"நீங்க எப்ப காப்பாத்தறதா இருந்தீங்க?"

துறைத் தலைவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "பத்து நிமிஷம்தான் பாப்பாங்க. ஒழுங்கான கர்வ் ஒண்ணு வரணும். அவ்வளவுதான் நான் சொல்வேன்."

"வந்தா வரும்" என்றார் வளைகோட்டார். அன்றிரவு மட்டும் அவர் சரியாகத் தூங்கவில்லை என்று தலைமை நர்ஸ் தரப்புச் செய்தி.

குழு வந்தது. மூன்று பேர். துறைத் தலைவர் நாலாவதாக, கோப்பை மார்போடு அணைத்தபடி. நாற்காலிகள் தண்ணீர் தெறிக்காத தூரத்தில் போடப்பட்டிருந்தன. பொறியாளர் சுவரோரம் சாவிக்காரருக்குப் பக்கத்தில் நின்றார். இருவர் முகமும் கல்லு மாதிரி. பம்புக்குள் எது இருக்கிறது என்று அந்த அறையில் அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

ஐந்து மாணவர்கள். கேஜ் பார்க்க நின்றவள் எல்லாரையும்விடக் குள்ளம். ஒரு பெட்டியின்மேல் ஏறி நின்றிருந்தாள், குரல் மட்டும் ரயில் நிலைய ஒலிபெருக்கி. பம்பு ஓடியது. வால்வு ஒரு சுற்று திறந்தது. "ரெண்டு புள்ளி ஆறு!" இன்னொரு சுற்று. "ரெண்டு புள்ளி ஒண்ணு!" அடுத்த சுற்றில், "ஒண்ணு புள்ளி மூணு!" என்றவள், தன் வாயையே நம்பாமல் மறுபடி குனிந்து பார்த்து, "ஒண்ணு புள்ளி மூணுதான்!" என்றாள். கோடு மேசையிலிருந்து தள்ளிவிட்ட மாதிரி விழுந்துகொண்டிருந்தது. துறைத் தலைவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து, தொட்டியின் ரப்பர் குழாய் நழுவி, அளவுகளை எழுதிக்கொண்டிருந்த பையனைத் தலையோடு குளிப்பாட்டியது. அவன் குழாயைப் பிடிக்க ஓடினான். நோட்டு மேசையில் அநாதையாகக் கிடந்தது.

"சார்!" என்றாள் பெட்டிமேல் நின்றவள், திரும்பாமலே. "நீங்க எழுதுங்க. நான் சொல்றேன். விட்டா போயிடும்."

வளைகோட்டார் ஒரு பேனாவை உருவிக்கொண்டு, முழங்கால்வரை நனைந்து போய் நோட்டின் முன் நின்றார்.

"ஒண்ணு புள்ளி மூணுக்கு அப்புறம் திரும்ப மூடிப் பாப்போமா? அதே வழியில மேல ஏறுதான்னு பாக்கணும்" என்றாள். யாரும் அனுமதி தரவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. வால்வுப் பையன் மூடத் தொடங்கினான். பத்து நிமிடம் முடிந்து கால் மணி ஆயிற்று. பெரிய கம்பெனிக்காரர் நாற்காலியை விட்டு எழுந்து, பேன்ட்டை இரண்டு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி வந்தார். "ஒரு இதழ் உடைஞ்சிருக்குமோ?" என்று மெல்ல இவரிடம் கேட்டார். "எனக்குத் தெரியாது" என்றார் வளைகோட்டார், எழுதுவதை நிறுத்தாமல். மற்ற இரண்டு குழு உறுப்பினர்களும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். ஒருவர் தானாகவே நிறுத்துக் கடிகாரத்தை வாங்கிக்கொண்டார். பெரிய கம்பெனிக்காரர் துறைத் தலைவரின் காதில் ஏதோ சொன்னார். "ஸ்கிரீனை வேற எங்கயாவது வெச்சுக்குங்க" என்று முடிந்தது மட்டும் சாவிக்காரருக்குக் கேட்டதாம்.

துறைத் தலைவர் முகம் மலர்ந்தது. ஒருவேளை இது தன்னுடைய யோசனைதான் என்று அந்த நிமிடமே அவருக்குத் தோன்றத் தொடங்கியிருக்கலாம். கோப்பைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு, தெறிக்கிற தண்ணீருக்கு ஒதுங்கி, வளைகோட்டாரின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று உரக்கச் சொன்னார்:

"சார், ரூம் விஷயத்துல கமிட்டி ஒரு முடிவுக்கு வந்துட்டாங்க..."

பெட்டிமேல் நின்றவள் அப்போதுதான் கேஜை நோக்கிக் குனிந்து, வாயைத் திறந்திருந்தாள். வளைகோட்டார் திரும்பிப் பார்க்கவில்லை. வலது கைப் பேனாவை அடுத்த வரியில் ஊன்றியபடி, நனைந்த இடது கையை மட்டும் பின்பக்கமாக உயர்த்தி, உள்ளங்கையை விரித்து, துறைத் தலைவரைப் பேசாமல் இருக்கச் சொன்னார்.